ஐந்து தங்கப் புள்ளிகள்

கீபோர்டு இல்லாமல் டேப்லெட்டின் எடை ஐந்நூற்று இருபது கிராம். கீபோர்டை மாட்டினால் எண்ணூற்றுப் பத்து. ஷண்முகப்ரியா ஆய்வகத் தராசில் நிறுத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். கம்பெனிக்காரர்கள் கொடுத்த தாளில் எழுநூற்று அறுபது என்று போட்டிருந்தது. ஐம்பது கிராம் பொய். அதையும் எழுதிக்கொண்டாள்.

அபிராமபுரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்குப் பத்து டேப்லெட்டுகள் ஒரு மாதச் சோதனைக்காக வந்திருந்தன. விலை குறைந்த ரகம். கீபோர்டைத் தனியாகக் கழற்றலாம், பக்கத்தில் கொண்டுபோனால் காந்தம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். டேப்லெட்டின் கீழ் விளிம்பில், நட்டநடுவில், சின்னப் பள்ளத்துக்குள் ஐந்து தங்க நிறப் புள்ளிகள். கீபோர்டில் இருக்கும் ஐந்து ஊசிகள் அவற்றின் மேல் போய் உட்காரும். தட்டுகிற எழுத்தெல்லாம் அந்த ஐந்து புள்ளிகள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

தாளாளர் ராஜரத்தினம் ஐந்தை ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக்கும் ஐந்தை பி பிரிவுக்கும் கொடுத்தார். ஏ பிரிவுக்கு அறிவியல் ஆசிரியை ஷ்ரேயா. பி பிரிவுக்கு ஷண்முகப்ரியா.

"ரெண்டு பேரும் நடத்திக் காட்டுங்க. யார் நல்லாப் பண்றாங்களோ அவங்கதான் அடுத்த வருஷத்துலேர்ந்து டேப்லெட் பொறுப்பாசிரியர்" என்றார்.

ஷண்முகப்ரியா அந்தப் பொறுப்புக்கு ஆசைப்பட்டாள் என்று சொன்னால் போதாது. பள்ளியில் சேர்ந்த ஆறு வருடத்தில் அவளாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான். ஆண்டுவிழாவில் மைக் பிடிக்கும் வேலையோ பெற்றோர்களைச் சமாளிக்கும் வேலையோ அவளுக்கு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே பாதிச் சொல்லில் நிறுத்திவிடுவாள். ஆனால் பேட்டரி ஒரு பாடவேளைக்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது, ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தால் திரை தெரிகிறதா, கீபோர்டை எத்தனை தடவை கழற்றினால் காந்தம் தளர்கிறது என்றெல்லாம் பார்க்கும் வேலைக்குப் பேச்சு வேண்டியதில்லை. பார்க்கத் தெரிந்தால் போதும். அவளுக்குப் பார்க்கத் தெரியும்.

ஷ்ரேயாவையும் அவள் அப்படித்தான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷ்ரேயாவுக்கு மயிலாப்பூரில் வீடு. பாட்டு வேறு தெரியும். நேரம் தவறி வந்தாலும் வாசலிலேயே சிரித்துவிடுவாள். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சாப்பாட்டு வேளையில் அவள் டப்பாவைத் திறப்பதற்குள் மூன்று பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஷண்முகப்ரியாவின் அம்மா கட்டிக்கொடுக்கும் மீன் குழம்பு அதைவிட நன்றாகவே இருக்கும். அதைக் கேட்க ஆள் கிடையாது.

வயிற்றில் ஏதோ எரிவதை அவள் முதலில் வெயில் என்று நினைத்தாள். பிறகு அல்சர் என்று நினைத்து மாத்திரை போட்டுப் பார்த்தாள். ஷ்ரேயா ஒரு வாரம் விடுப்பில் போனபோது மாத்திரை இல்லாமலே சரியாகிவிட்டது. அப்போதுதான் அதன் பெயர் அவளுக்குத் தெரிந்தது.

டேப்லெட்டுகள் வந்த இரண்டாம் நாளே ஏ பிரிவுப் பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இட்லி, தோசை, பொங்கல், வடை, கேசரி.

"மிஸ், பொங்கல் மறுபடியும் தூங்கிடுச்சு!"

"பொங்கல் சாப்பிட்டா தூக்கம் வரும். பொங்கலுக்கே வந்தா என்னடா பண்றது? பவர் பட்டனை அமுக்கு."

பக்கத்து அறையில் வகுப்பே சிரிப்பது இங்கே கேட்டது. பி பிரிவில் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதிய ஸ்டிக்கர்கள்தான். ரெஹான் எழுந்து கேட்டான்: "மிஸ், நம்ம டேபுக்கும் பேர் வைக்கலாமா?"

"மூணாம் நம்பர்னு சொன்னா யாருக்காவது புரியாமப் போயிடுதா?"

"இல்ல மிஸ்" என்று உட்கார்ந்தான். சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் இப்போது பெயர் வைத்தால் ஷ்ரேயாவைப் பார்த்து வைத்ததாகிவிடும்.

அந்தப் பள்ளியில் சரஸ்வதி பூஜையை விடுமுறைக்கு முந்தின நாளே போட்டுவிடுவார்கள். ஆய்வக மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடப் புத்தகங்களை அடுக்கி, மைக்ராஸ்கோப்புக்கும் தராசுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. இந்த வருடம் பத்து டேப்லெட்டுகளும் மேசைக்கு வந்தன. படத்துக்கு முன்னால் வரிசையாகச் சாய்த்து வைப்பதற்காகக் கீபோர்டுகளைக் கழற்றித் தனியாக அடுக்கினார்கள்.

"மிஸ், பூஜைல வச்சா படிக்கக் கூடாதுல்ல? சார்ஜ் போடலாமா?" என்று ஒரு பையன் ஷ்ரேயாவைக் கேட்டான்.

"சார்ஜ் போடறது சாப்பிடற மாதிரி. படிப்பு இல்ல. தாராளமாப் போடு."

மறுபடியும் சிரிப்பு. ஆய்வக உதவியாளர் மாணிக்கவாசகம் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். "இன்னா மிஸ், இதுங்களுக்குப் பொட்டு எங்க வைக்கறது? மூஞ்சி எது, முதுகு எதுன்னே தெரியல."

"ஸ்க்ரீன்ல வேண்டாம், கறை ஆயிடும்" என்றாள் ஷ்ரேயா. "பின்னாடி வெச்சா பொட்டு வெச்ச மாதிரியே இருக்காது."

அவள் வகுப்பில் படிக்கும் தீபிகா ஒரு டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். "மிஸ், இங்க பாருங்களேன். அஞ்சு தங்கப் புள்ளி. மூக்குத்தி மாதிரி இருக்கு."

"அட, ஆமாம்! பொட்டு வெக்கறதுக்குன்னே விட்ட எடம் மாதிரின்னா இருக்கு! அதும்மேலயே வெச்சுடு" என்றாள் ஷ்ரேயா.

ஷண்முகப்ரியா இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தாள். அவளுக்குத் தெரியும். தியாகராய நகரில் அவள் அப்பா இசக்கிமுத்து ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் ஆயுத பூஜையன்று, விலைச்சீட்டைப் படிக்கும் பார்கோடு கருவியின் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பிவிட்டார்கள். தீபாவளிக் கூட்டம் முட்டும் நேரத்தில் கருவி படிக்கவில்லை. என்னவென்று கண்டுபிடித்துத் துடைத்தவள் அவள்தான். சந்தனம் காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி பிடித்துக்கொள்ளும்.

'அங்கே வேண்டாம்' என்று சொன்னால் போதும். வாயைக்கூடத் திறந்தாள். ஷ்ரேயாவைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதுதான் காரணம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். தீபிகாவின் விரல் இட்லியில் தொடங்கிக் கேசரி வரை ஒவ்வொன்றாகப் போய் முடிகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு தன் வகுப்பின் ஐந்துக்கும் பின்பக்க உறையில், மிளகளவு, அவளே பொட்டு வைத்தாள்.

விடுமுறை முடிந்து வந்த அன்று மாணிக்கவாசகம்தான் முதலில் செய்தி சொன்னார். "மிஸ், ஏ செக்‌ஷன் மிஸ்ஸோட டேபு அல்லாம் படுத்துக்கினு கீது. கீபோர்டைத் தட்டுனா ஒண்ணும் வர்ல. பாவம், அந்தம்மா அல்லாடிக்கினு கீறாங்க."

மறுநாள் தாளாளர் வகுப்பைப் பார்க்க வருகிறார்.

மதியம் ஷ்ரேயா ஆய்வகத்துக்கு வந்தாள். கையில் பொங்கல் இருந்தது. விளிம்பில் இருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்திருந்தாள். மேலே சுத்தமாகத்தான் இருந்தது. பள்ளத்துக்குள் மட்டும் வெளிர்மஞ்சளாக ஒரு படலம். தேடுகிறவர்களுக்குத் தெரியும்.

"ப்ரியா மிஸ், எங்க கீபோர்டு ஒண்ணும் வேலை செய்யலை. உங்களோடது ஒண்ணு தரேளா? மாட்டிப் பாத்துட்டுத் தந்துடறேன்."

ஷண்முகப்ரியா மூன்றாம் நம்பரின் கீபோர்டைக் கழற்றிக் கொடுத்தாள். காந்தம் டப்பென்று இழுத்துக்கொண்டது. ஷ்ரேயா தட்டினாள். ஒன்றும் வரவில்லை. கழற்றி மறுபடி மாட்டினாள். ஊதினாள்.

"அப்போ கீபோர்டு இல்லை. டேப்லெட்டேதான் போயிடுத்து. இல்லையா?"

"தெரியல" என்றாள் ஷண்முகப்ரியா.

ஷ்ரேயா கம்பெனிக்குப் போன் செய்தாள். சர்வீஸுக்கு எடுத்துப் போனால் திரும்பி வரப் பத்து நாளாகும் என்றார்கள். அவள் கீபோர்டைத் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகும் ஷண்முகப்ரியாவின் காதுக்குள் அந்த 'தெரியல' ஒலித்துக்கொண்டிருந்தது. சின்னச் சொல். பேசத் தெரியாதவளுக்கு அது மட்டும் எவ்வளவு லகுவாக வந்துவிட்டது.

மறுநாள் ராஜரத்தினம் முதலில் ஏ பிரிவுக்குப் போனார். பிள்ளைகள் திரையிலேயே தட்டினார்கள். திரையில் எழும்பிய எழுத்துப் பலகை பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. அதன் அடியில் ஊசலின் நேரத்தைக் குறிக்கும் அட்டவணை ஒளிந்துபோயிற்று. எண்ணை எங்கே போடுவது என்று தேடித் தேடியே பாடவேளை கழிந்தது. ஷ்ரேயா என்னென்னவோ சொல்லிச் சமாளித்தாள். பிள்ளைகளும் அவளுக்காகச் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பி பிரிவில் எல்லாம் நடந்தது. ஊசல் ஆடியது, ரெஹான் நேரத்தைக் கூவினான், ஐந்து குழுக்களும் எண்களைத் தட்டின, திரையில் கோடு நேராக எழுந்தது.

"வெரி குட் மா" என்றார் தாளாளர்.

ஆறு வருடத்தில் அவர் முதல் முறையாகச் சொன்னது. அதை அவள் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனாள். அங்கே எல்லோரும் ஷ்ரேயாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தமிழாசிரியை ஜெயலக்ஷ்மி அவளுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"விடும்மா. மிஷின் மக்கர் பண்ணா நீ என்ன செய்வே?"

"பாவம், ராப்பகலா உக்காந்து தயார் பண்ணினா."

"ஷ்ரேயா மேல ஒரு தப்பும் இல்ல. சாருக்கே தெரியும்."

ஷண்முகப்ரியா தன் இடத்தில் உட்கார்ந்தாள். உன் வகுப்பு எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஷ்ரேயா மட்டும் அங்கிருந்தே கேட்டாள்: "உங்களுக்கு நன்னாப் போச்சாமே! கேட்டு எனக்கு ரொம்ப சந்தோஷம்." சந்தோஷமாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

மாலையில் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். "வெள்ளிக்கிழமை மீட்டிங். டேப்லெட் வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். ரிப்போர்ட்டை நீங்களே எழுதிடுங்க. ஏ செக்‌ஷன்ல ஏன் அப்படி ஆச்சுன்னும் போடுங்க. பொறுப்பாசிரியர் யாருன்னும் அன்னிக்கே சொல்லிடறேன்."

வியாழன் காலை, யாரும் வருமுன், அவள் பொங்கலை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். நிச்சயமாகத் தெரியாமல் எதையும் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, பள்ளத்தைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. ஐந்து புள்ளிகளும் பளிச்சென்று வந்தன. கீபோர்டை மாட்டினாள். பொங்கல் விழித்துக்கொண்டு எழுத்தை வாங்கியது. இரண்டு நிமிட வேலை. நேற்றைக்கு முந்தின நாளே செய்திருக்கலாம்.

அன்று மாலை தியாகராய நகரில், கடைக்கு மேலே இருந்த வீட்டில், ஜன்னலை மூடிக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தாள். மூடினாலும் தீபாவளிக் கூட்டத்தின் இரைச்சல் வந்துகொண்டுதான் இருந்தது. எடை, பேட்டரி, திரை, காந்தம் எல்லாம் அரை மணியில் முடிந்தன. 'ஏ பிரிவில் கீபோர்டு இயங்காததன் காரணம்' என்ற இடத்தில் நின்றது.

'தெரியவில்லை' என்று எழுதினாள். இதை விட்டுவிட்டால் போதும், பொறுப்பு அவளுக்குத்தான். ஆனால் அதைப் படித்ததும் எல்லோர் முகமும் எப்படி ஆகும் என்று தெரிந்தது. பாவம் ஷ்ரேயா. காலம் முழுக்கப் பாவம் ஷ்ரேயா. அவள் தோற்றதாகவே ஆகாது; அதிர்ஷ்டம் இல்லாமல் போனதாகத்தான் ஆகும்.

அம்மா தங்கபுஷ்பம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். "சாப்பிடாம என்னத்தம்மா எழுதுத?"

"ஒருத்தி பண்ணின தப்பை எழுதறேன்."

"தெரிஞ்சா பண்ணா?"

"தெரியாமத்தான்."

"பொறவு என்னத்துக்கு எழுதுத?"

ஷண்முகப்ரியா 'தெரியவில்லை'யைக் கோடு போட்டு அடித்தாள். உண்மையை எழுதினாள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் சந்தனம் வைக்கப்பட்டது, அது காய்ந்தால் ஏன் மின்சாரத்தைக் கடத்தாது, ஸ்பிரிட்டால் துடைத்த பின் எப்படி இயங்கியது என்று ஒன்றையும் விடவில்லை. 'ஒன்பது ஏ வகுப்பு ஆசிரியையின் அறிவுரைப்படி' என்று எழுதும்போது கை தானாக அழுத்தியது. அவள் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றது யார் என்று மட்டும் எழுதவில்லை. அதைக் கேட்டு ஒரு கட்டம் அந்தத் தாளில் இல்லை.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் தாளாளர் அறிக்கையை வாய்விட்டுப் படித்தார். அந்த வரி வந்ததும் எல்லோரும் ஷ்ரேயாவைப் பார்த்தார்கள். ஷண்முகப்ரியா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ, இப்போது.

"ஐயோ!" என்றாள் ஷ்ரேயா. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "நானா! நான்தானா! சரஸ்வதிக்குப் பொட்டு வெக்கறேன்னு சரஸ்வதி வாயையே அடைச்சுட்டேனே சார்!"

ஜெயலக்ஷ்மி முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல புதுக் கார் சாவித் துவாரத்துல வச்சாங்கம்மா" என்றார். ஆளுக்கொரு கதை வந்தது. பொட்டு வைத்த பிரிண்டர், பொட்டு வைத்த மிக்ஸி. தப்பு செய்தவளைச் சுற்றித்தான் அறை மறுபடியும் சூடேறிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் ஷ்ரேயா சொன்னாள்: "சார், நான் ஒண்ணு சொல்றேன். பத்து நாளானாலும் எனக்கு இது தோணியிருக்காது. பஞ்சால துடைச்சுப் பாத்து, எப்படி எழுதியிருக்கா பாருங்கோ. பொறுப்பை ப்ரியா மிஸ்கிட்டயே குடுங்கோ. இதுக்கு அவாதான் சரி."

"நானும் அதைத்தான் நினைச்சுட்டு வந்தேன்" என்றார் தாளாளர். "புள்ளி இருக்கற எடத்துக்கு ரப்பர் மூடி போட்டுத் தரச் சொல்லி, நாப்பது வாங்கிடலாம். ஷண்முகப்ரியாதான் பொறுப்பு."

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் நிஜமாகவே அதை நினைத்துக்கொண்டு வந்திருக்கலாம். அது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆறு வருடத்தில் ஆசைப்பட்ட ஒன்று கைக்கு வந்துவிட்டது. ஷ்ரேயா எடுத்துக் கொடுத்து வந்துவிட்டது. ஷண்முகப்ரியாவின் வயிறு முன்னைவிட எரிந்தது.

மீட்டிங் முடிந்ததும் ஷ்ரேயா மீதி நான்கையும் அள்ளிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். "எப்படித் துடைச்சேள்னு காட்டுங்கோ. பண்ணினவளே சுத்தம் பண்ணணும் இல்லையா?"

இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து துடைத்தார்கள். இட்லி சரியானது. தோசை சரியானது. ஷ்ரேயா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

"என்னோட கஷ்டகாலம் பாருங்கோ. அன்னிக்கு மட்டும் நீங்க பக்கத்துல நின்னிருந்தா, 'அங்க வெக்காதீங்க'ன்னு சொல்லியிருப்பேள்."

வடையின் பள்ளத்தில் குச்சியை விட்டுக்கொண்டிருந்த ஷண்முகப்ரியா நிமிரவில்லை. ஆமாம் என்றால் முடிந்துவிடும். சிரித்துவிட்டால்கூடப் போதும்.

"நின்னேன்" என்றாள்.

"என்ன?"

"பக்கத்துலதான் நின்னேன். பாத்தேன். போயிடும்னும் தெரியும். நீங்க கீபோர்டு கேட்டு வந்தப்பவும் தெரியும்."

ஷ்ரேயாவின் கை நின்றது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் பார்ப்பது ஷண்முகப்ரியாவுக்கு அதுதான் முதல் தடவை. இரண்டு வருடமாக அதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டாளோ என்னவோ, இப்போது பார்க்க முடியவில்லை. சாதாரணமான, களைத்த, கொஞ்சம் பயந்த முகம்.

"ஏன்?" என்று கேட்டாள் ஷ்ரேயா.

சொல்வதற்கு நிறைய இருந்தது. மீன் குழம்பிலிருந்து தொடங்க வேண்டும். "தெரியல" என்றாள் ஷண்முகப்ரியா. இந்தத் தடவை அது பொய்யா நிஜமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஷ்ரேயா கேசரியை எடுத்துத் துடைத்து முடித்தாள். கீபோர்டை மாட்டி, இரண்டு எழுத்துத் தட்டிப் பார்த்து, மூடினாள். ஸ்பிரிட் பாட்டிலைத் திருகி அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள். கையைக் கழுவினாள். கதவருகில் போய் நின்றாள்.

திட்டப்போகிறாள் என்று ஷண்முகப்ரியா நினைத்தாள். திட்டட்டும் என்றும் நினைத்தாள். கத்தினாலும் சரி. தாளாளரிடம் போய்ச் சொன்னாலும் சரி. அப்படிச் செய்தால் இரண்டு பேரும் ஒரே தட்டுக்கு வந்துவிடுவார்கள்.

"சார்கிட்ட உங்க பேரைச் சொன்னேனே, அது சொன்னதுதான். அதுக்கு நீங்கதான் சரி" என்றாள் ஷ்ரேயா. "மத்தது எனக்கு இப்போ பேச வரலை."

போய்விட்டாள்.

ஷண்முகப்ரியா பத்து டேப்லெட்டுகளையும் அலமாரியில் அடுக்கினாள். பதிவேட்டில் 'பொறுப்பாசிரியர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் இதைக் கொடுத்தாளே, ஒரு வசவைக்கூட எனக்குக் கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே மையை ஊதினாள்.